அருவிக்குத் தடை, சங்கத்துக்குப் பொதுக்குழு

தேதி போடாத கூட்ட அறிவிப்பை என் தொழிற்சங்க வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் கையில் வாங்கியிருக்கிறேன். "பேரருவியில் குளிக்கத் தடை விதிக்கப்படும் முதல் நாளன்று காலை பத்து மணிக்கு அவசரப் பொதுக்குழு கூடும். அனைவரும் தவறாது வருக" என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே தலைவரின் கையெழுத்து. பொருள் என்ற இடத்தில் ஒரே வரி: செயலாளரின் உறுப்பினர் அட்டையை ரத்து செய்வது.

குற்றாலம் அருவிக்கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்களின் சங்கம் அது. நான் தென்காசியில் இருந்துகொண்டு மாவட்டக் குழுவின் அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். பீடி, ஆட்டோ, சுமைப்பணி, கட்டுமானம் என்று என் பொறுப்பில் உள்ள எல்லாச் சங்கங்களின் விதிமுறைப் புத்தகங்களும் எப்போதும் என் பையில் இருக்கும். அன்றன்றைக்கு நடந்ததை நாட்குறிப்பில் எழுதாமல் நான் படுப்பதில்லை. தேதி இல்லாத காகிதம் எனக்கு ஒரு கால் ஒடிந்த நாற்காலி மாதிரி. எனவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக இலஞ்சிக்கு, தலைவர் வீட்டுக்குப் போனேன்.

தலைவருக்கு அறுபதை நெருங்கும் வயது. முழங்கைக்குக் கீழே மட்டும் இளைஞனுடைய கைகள். வாசலில் நின்று வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, தேதி போடாத நோட்டீஸ் செல்லாது. கூட்டத் தேதியை ஏழு நாளைக்கு முன்னாடியே தெரிவிக்கணும்னு உங்க விதியிலயே இருக்கு" என்றேன்.

"அப்படின்னா நீங்க அருவிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிருங்க அண்ணாச்சி. பெருகணும்னா ஏழு நாளைக்கு முன்னாடி எங்களுக்குத் தகவல் சொல்லிரணும்னு."

கூட்டங்களில் என்னைத் தோழர் என்பார். வீட்டு வாசலில் அண்ணாச்சி. என்னைவிட மூத்தவர்தான், இந்தப் பக்கத்தில் மரியாதை வயதைப் பார்த்து வருவதில்லை.

பிறகு அவரே விளக்கினார். "சீசன்ல எந்த நாளுக் கூட்டம் போட்டாலும் எவனும் எடத்த விட்டு வர மாட்டான். சீசன் முடிஞ்சிட்டா பாதிப் பேரு திருப்பூரு, பாதிப் பேரு கேரளா. பேரருவிய மூடுனா மத்த அருவியையும் மூடிருவாவ, அன்னைக்குத்தான் எங்க ஆளு பூரா ஒரே நேரத்துல சும்மா இருப்பான். சங்கம் ஆரம்பிச்ச நாள்லருந்து இதான் வழக்கம்."

விதியைக் காட்டி ஒரு வாரம் கழித்து ஒரு தேதியைப் போட வைக்கலாம். அன்றைக்கு அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தால் நானும் தலைவரும் மட்டும்தான் மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம்.

சண்டை இதுதான். பேரருவியில் கூட்டம் அதிகம். அங்கே இடம் வைத்திருப்பவர்களுக்குச் சீசன் முழுக்க வேலை உண்டு. ஐந்தருவியில் இடம் கிடைத்தவர்கள் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்; காலை நெரிசலில் பேரருவிக்கு வந்து மாற்றாளாக நிற்கலாம், அவ்வளவுதான். இரண்டு இடத்துக்காரர்களும் வாரம் மாற்றி வாரம் முறை வைத்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர். தலைவர் ஒப்பவில்லை. அட்டைக்காகவும் இடத்துக்காகவும் தடியடி வாங்கி உள்ளே போய் வந்தவர்கள் பேரருவிக்காரர்கள், வாங்கிய இடத்தை மாற்றிக் கொடுக்க முடியாது என்றார். செயலாளர் ஐந்தருவிக்காரர்களைக் கூட்டித் தனியாகப் பேசினார். அவர்களுடைய கையெழுத்தோடு, சங்கத்துக்குத் தெரியாமல் அதிகாரிகளிடம் ஒரு மனு கொடுத்தார். சங்கத்துக்குள் இன்னொரு சங்கம் வைக்கிறான், நாளைக்கு இதைக் காட்டியே வெளியாளை உள்ளே விடுவார்கள் என்று தலைவர் மாவட்டக் குழுவுக்கு வந்து முறையிட்டார். மாவட்டக் குழு தலைவரின் பக்கம் சாய்ந்தது. பொதுக்குழுவை நடத்தி அட்டை ரத்துத் தீர்மானத்தை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

அட்டை இல்லாமல் அருவிக்கரையில் எண்ணெய்க் குப்பியைத் திறக்க முடியாது. தீர்மானம் நிறைவேறினால் செயலாளருக்குப் பிழைப்புப் போய்விடும்.

அவரையும் போய்ப் பார்த்தேன். வீடு ஆய்க்குடியில். நாற்பது வயதுக்காரர், ஒல்லியான ஆள். அவர் மனைவி புகையிலைத்தூள் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள்.

"கொல்லத்துல ஒரு ஓட்டல்ல பல வருசம் பொரோட்டா அடிச்சேன் தோழர். பொங்கலுக்கு வந்தா நாலு நாளு, ஓணத்துக்கு அங்கன விட மாட்டான். அங்க சோலிய விட்டுட்டு வந்து எறங்குன அன்னைக்கு எம் மவ அவ அம்மாட்ட, யாரும்மா இந்த மாமான்னு கேட்டா. இந்த அட்டை இருக்கப் போயித்தான் இங்கன கெடக்கேன். அது போச்சுன்னா மறுபடி செங்கோட்டையில வண்டி ஏறணும்."

"மனு கொடுக்குறதுக்கு முன்னாடி சங்கத்துல பேசியிருக்கலாமே?"

"பேசுனேன். பேசுனா தலைவரு சட்டையக் கழத்தி முதுகுத் தழும்பக் காட்டுதாரு. தழும்புக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மனைவி சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஊருக்கெல்லாம் முறை கேக்காவ. வீட்டுல தண்ணி பிடிக்க முறை வச்சா மட்டும் ஆளக் காணோம்."

செயலாளர் சிரித்தார். சிரித்த வாயோடு என்னைப் பார்த்தவர், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சீசனில் சாரல் தூறிக்கொண்டே இருந்ததே தவிர மலைமேல் கனமழை இல்லை. அருவி அளவாக விழுந்தது, தடை வரவில்லை. பொதுக்குழுவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் தினமும் காலையில் பேரருவிக்குப் போய்வந்தேன். இரண்டு தரப்பும் என்ன செய்கிறது என்று பார்த்துவைப்பது என் வேலை. அங்கே நான் கண்டதை அந்நாட்களில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நம்புவார்களா என்று தெரியாததால்.

இரண்டு தரப்பும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தது. சொந்த மைத்துனர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆனால் வேலை துளியும் பிசகவில்லை. ஒருவருக்கு எண்ணெய் தீர்ந்தால் எதிர்த் தரப்பிலிருந்து குப்பி வந்தது. ஒருவர் தேநீர் குடிக்கப் போனால் எதிர்த் தரப்பு ஆள் அவருடைய வாடிக்கையாளரை உட்காரவைத்தார். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதே காதில் விழாத இடம் அது. எல்லாம் கையால் நடந்தது.

கரையில் எண்ணெய் விற்கும் ஒரு பெண்மணி எனக்கு அந்தக் கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். என்னைவிடச் சற்று இளையவராக இருப்பார்; ஆனால் அருவிக்கரையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் தேநீர். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் தண்ணீர் வடிகிறது. ஒரு முட்டியின் மேல் இன்னொரு முட்டியை வைத்தால் பஸ்ஸில் கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது. இரண்டு விரலை மாற்றி மாற்றி ஆட்டினால் ஆள் மாற்று. ஒருவரைக் காட்டிவிட்டுத் தன் தோளைத் தட்டிக்கொண்டால், அவர் என் பொறுப்பு.

"அது யாரு, அந்தக் கரையில சும்மா நிக்கிறவரு?" என்று கேட்டேன். ஒருவர் மட்டும் எண்ணெய் தொடாமல், அருவி விழும் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவருதான் இன்னைக்குக் கரை ஆளு. தண்ணி நெறம் மாறுதா, கம்பு கல்லு வருதான்னு பாத்துக்கிட்டே நிக்கணும். தெனம் ஒருத்தர் முறை. போலீசு விசில் ஊதத்தான் செய்யுதாவ, அது எண்ணெய் தேய்க்கவனுக்குக் கேக்கவா செய்யுது? இவரு கைய மேல தூக்கினாருன்னா அம்புட்டுப் பேரும் அவனவன் பக்கத்துல இருக்குத ஆளப் பிடிச்சித் தூக்கிட்டு மேல வந்துரணும். ஒரு பேச்சுப் பேசப்படாது."

"கையைத் தூக்கினா போதுமா?"

"நேராத் தலைக்கு மேல, உள்ளங்கை விரிச்சு. வெளையாட்டுக்குக்கூட எவனும் தூக்க மாட்டான். நல்லாக் கவனிச்சுப் பாருங்க அண்ணாச்சி, இங்கன ஒருத்தனும் சோம்பல் முறிக்க மாட்டான்."

கவனித்தேன். உண்மைதான். கொட்டாவி விடும்போதுகூட முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினார்கள். சட்டையைத் தலைவழியாகப் போடுகிறவர் ஒருவரும் இல்லை. எல்லாம் பித்தான் வைத்த சட்டைகள்.

செயலாளர் தரப்பில் ஒருவரைத் தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டேன். "பேச்சுவார்த்தையே இல்லைங்கிறீங்க. ஆனா அவங்களோட காலையிலருந்து பேசிக்கிட்டேதானே இருக்கீங்க?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாயால பேசுததுதான் இல்லன்னு சொன்னோம். கையால பேசுதது தொழிலு."

ஒருநாள் விடியும்போதே தென்காசியில் என் அறை ஜன்னலைச் சாத்த முடியாத அளவுக்குக் காற்று. மேற்கே மலை இருந்த இடத்தில் மலை தெரியவில்லை. பேரருவியில் தடை போட்டாயிற்று என்று பால்காரர் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குளிக்குமிடத்துப் பாதுகாப்பு வளைவை அருவி கண்ணிலேயே காட்டவில்லை. செம்மண் நிறத்தில் ஒரு சுவர் மலையிலிருந்து பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தேன். பல வருடங்களாகப் பார்க்கிற அருவிதான். ஆனாலும் பெருகும்போது அது ஒவ்வொரு முறையும் முதல்முறை.

பொதுக்குழு அருவியை ஒட்டி, சாலையிலிருந்து படி இறங்கிப் போகும் ஒரு பழைய சத்திரத்து மண்டபத்தில். அருவியின் அதிர்வு சுவரிலேயே தெரிந்தது. நாற்காலியில் கைவைத்தால் கை நடுங்கியது. எல்லோரும் வந்துவிட்டார்கள். பேரருவிக்காரர்கள் இடப்பக்கம், ஐந்தருவிக்காரர்கள் வலப்பக்கம், நடுவில் நடைபாதை. மேடையில் நான், எனக்கு ஒருபுறம் தலைவர், மறுபுறம் செயலாளர். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க என்னைத்தான் மறைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

விதிப்படி நடத்தினேன். பொருளை வாசித்தேன். தலைவர் பேசினார், செயலாளர் பதில் சொன்னார், இரு தரப்பிலும் சிலர் பேசினார்கள். மைக் இருந்தும் பாதிச் சொற்கள் அருவியோடு போயின. விவாதம் முடிந்ததாக அறிவித்துவிட்டுத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டேன்.

"செயலாளருடைய உறுப்பினர் அட்டையை ரத்து செய்யும் தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை.

எனக்கு வியப்பு. இடப்பக்கம் முழுக்கத் தலைவரின் ஆட்கள். சரி, மனம் மாறிவிட்டார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு, "எதிர்க்கிறவங்க" என்றேன். வலப்பக்கமும் ஒரு கை எழவில்லை. நடுநிலை வகிப்பவர்கள் என்று கேட்டேன். அதற்கும் இல்லை. எல்லோரும் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பக்கம் திரும்பி, இதற்கு முன்பெல்லாம் எப்படி ஓட்டெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஓட்டா? இதுவரைக்கும் ஓட்டுன்னு ஒண்ணு வந்ததே இல்ல தோழர். எல்லாத் தீர்மானமும் கைதட்டித்தான்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மைக்கை நெருங்கிப் பிடித்துக்கொண்டு, சற்றுக் கண்டிப்பாகவே சொன்னேன்: "பொதுக்குழுன்னா அபிப்பிராயம் தெரிவிக்கணும். மறுபடியும் கேக்குறேன். ஆதரிக்கிறவங்க தயவுசெஞ்சு கையை நல்லா உயரமாத் தூக்குங்க."

இடப்பக்கம் முன்வரிசையில் ஒருவர். அந்தச் சீசனில்தான் அட்டை வாங்கியவர், அதற்கு முன் செங்கோட்டையில் ஓட்டல் சப்ளையர். அவர் எழுந்து நின்று, தலைக்கு மேல் நேராக, உள்ளங்கையை விரித்து, வலது கையைத் தூக்கினார்.

அடுத்து நடந்ததை எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் சரியாக வரவில்லை.

மண்டபம் எழுந்தது. ஒவ்வொருவராக எழவில்லை, ஒரே உடம்பாக எழுந்தது. யாரும் கத்தவில்லை. யாரும் முந்தவில்லை. வாசலை ஒட்டி இருந்தவர்கள் முதலில் வெளியேறவில்லை. இரண்டு கதவையும் அகலத் திறந்து முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் படியில் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொருவர் கையும் பக்கத்திலிருந்தவர் புஜத்தைப் பற்றியிருந்தது. நடுவில் நான் பார்த்து வைத்திருந்த நடைபாதை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடப்பக்கத்தவர் வலப்பக்கத்தவரைப் பிடித்திருந்தார்கள், வலப்பக்கத்தவர் இடப்பக்கத்தவரை. என் இரண்டு அக்குளிலும் இரண்டு கைகள் நுழைந்தன. எண்ணெய் ஊறிய, வழுக்காத கைகள். என் கால் தரையில் படவில்லை. விதிமுறைப் புத்தகம் மேஜையிலேயே கிடந்தது. மேலே சாலையில், மழையில் என்னை நிறுத்திவிட்டு அந்தக் கைகள் விலகியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் தலைவரின் அண்ணன் மகன். மற்றவர், கையால் பேசுவது தொழில் என்று என்னிடம் சொன்னவர்.

இப்படி ஒரு காரியத்தை மனிதர்கள் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ ஊர்வலங்களில் வரிசை கட்டச் சொல்லித் தொண்டை கட்டியிருக்கிறேன்.

கையைத் தூக்கியவர் மட்டும் காலி மண்டபத்தில், தூக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தார். யாரோ போய் அழைத்துவந்தார்கள்.

"ஏலே, என்னலே செஞ்ச?"

"நான் ஓட்டுல்லா போட்டேன்? அண்ணாச்சிதான நல்லா ஒசரமாத் தூக்கச் சொன்னாவ."

"ஒத்த ஓட்டுல மண்டபத்தையே காலி பண்ணிட்டியேலே. உன்னையத்தான் அசம்பிளிக்கு அனுப்பணும்."

இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் சிரித்தது. தலைவர் சிரித்தார், செயலாளர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தாங்கள் பேசாதவர்கள் என்பது நினைவுக்கு வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமும் இந்தப் பக்கம் ஒரு கூட்டமுமாக, அடைத்த கடைகளின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டார்கள். மண்டபத்துக்குத் திரும்பலாம் என்று கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. தகரத்தில் மழை, பின்னால் அருவி. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அசைந்தது. இந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை பதில் சொன்னது. பிறகு இன்னும் சில கைகள். சற்று நேரத்தில் சாலைக்கு மேலே, மழைக்குள், கைகள் அடர்த்தியாகப் பேச ஆரம்பித்தன. எண்ணெய் விற்கும் அக்கா என் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன பேசுறாங்க?"

"உங்க தீர்மானத்தத்தான் பேசுதாவ."

"அட்டையை ரத்து பண்றதா வேண்டாமான்னா?"

"அட்டைக்கு ஏது கை? அதெல்லாம் கையில சொல்ல முடியாது. யாரு எங்கன நிக்கன்னுதான் பேசுதாவ."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கைமொழியில் தலைவர் என்பதற்குச் சொல் இல்லை. செயலாளருக்கு இல்லை. துரோகம், போட்டிச் சங்கம், தழும்பு, மனு எதற்கும் இல்லை. தண்ணீர், கரை, ஆள், இடம், மாற்று, என் பொறுப்பு. இவ்வளவுதான் இருந்தது. சண்டையில் பாதியை அவர்களால் சொல்லவே முடியவில்லை. சொல்ல முடிந்த பாதியை மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அந்தப் பக்கம் சொல்லுதான், இவன் நம்மகூட நிக்கப்படாதுன்னு. இந்தப் பக்கம் சொல்லுதான், அப்ப எங்கன நிக்கன்னு. தண்ணிக்குள்ளயா நிப்பாம்னு கேக்கான் பாருங்க, கிண்டலு. இப்ப இன்னொருத்தன்..." சட்டென்று நிறுத்தினார்.

"என்ன?"

"கரையில நிக்கட்டும்ங்கான்."

"கரை ஆளாவா?"

"சீசன் பூரா. தெனமும் முறை மாத்தாம, அவரே நிக்கட்டும்ங்கான்."

அது எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது என்று அப்போதும் கேட்டேன், பிறகும் பலரைக் கேட்டேன். ஒவ்வொருவரும் எதிர்ப் பக்கத்தைக் காட்டினார்கள். கரை ஆளுக்கு வாடிக்கையாளர் கிடையாது. மற்றவர்கள் தங்கள் வரும்படியில் ஒதுக்குவதுதான் அவருக்குக் கூலி. தலைவர் தரப்புக்கு அது தண்டனை. நாள் முழுக்க எல்லோருடைய உயிரும் அவர் கையில். செயலாளர் தரப்புக்கு அது மரியாதை. இரு பக்கமும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு தீர்மானத்தை நான் எழுதியதே இல்லை. அதை இவர்கள் மழையில் நின்று, ஒரு சொல் இல்லாமல், என் கண் முன்னாலேயே எழுதினார்கள். கரையில் நிற்க அட்டை வேண்டும். எனவே அட்டை இருக்கும்.

கைகள் ஓய்ந்தன. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தகரக் கூரைக்குக் கீழே நின்று அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைசியில் செயலாளரை நோக்கி விரலை நீட்டி, தன் தோளை ஒருமுறை தட்டிக்கொண்டார்.

செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாலையைக் கடந்து வந்து தலைவருக்கு எதிரே நின்றார். இத்தனை நாளாக நேருக்கு நேர் வாயால் பேசாத இருவரும் அங்கேதான் பேசினார்கள். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"செயலாளர் பதவிய ராஜினாமா எழுதிக் குடுத்துரணும்."

"குடுத்துருதேன். ஐந்தருவிக்காரங்களுக்கு முறை?"

"அத அடுத்த தடைக்குப் பேசுவோம்."

"இந்த மழைக்கு அடுத்த தடை ரொம்பத் தூரத்துல இல்ல, பாத்துக்கிடுங்க."

"வரட்டும்வே. அப்பமும் நீர்தான கரையில நின்னு சொல்லணும்."

மண்டபத்துக்குத் திரும்பி, நனைந்த துணியோடு உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். வாக்கெடுப்பு நடந்ததா என்ற கேள்விக்கு விதிப்படி விடை எழுத வழி இல்லை. கடைசியில் "ஒருமனதாக" என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு மாவட்டக் குழுவின் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"நீக்கியாச்சா தோழர்?"

"பொறுப்பிலருந்து விடுவிச்சாச்சு."

"அட்டை?"

"அட்டை இருக்கு. சீசன் முழுக்க அவரைக் கரையில நிறுத்தியிருக்காங்க."

"அது என்ன, தண்டனையா, பரிசா?"

"இங்க யாரும் அப்படிப் பிரிச்சுப் பாக்கல தோழர்."

அவருக்குத் திருப்தியில்லை. நாளைக்கு நேரில் வந்து விளக்கும்படி சொல்லிப் போனை வைத்துவிட்டார். விளக்கினேன். என்னால் முடிந்த அளவுக்கு, வரிசைப்படி, எதையும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும், ஒருநாள் தானும் அங்கே வந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

தடை நீங்கிய காலையில் பேரருவிக்குப் போனேன். தண்ணீர் வெளுத்திருந்தது. பழைய செயலாளர் கரையில் நின்றார், அருவியை விட்டுக் கண் எடுக்காமல். நான் வந்ததை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. தலைவர் தன் இடத்தில், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செங்கோட்டைக்கு அப்பால், கேரளாவிலிருந்து வந்த ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பயம். அடிக்கடி தலையைத் திருப்பி அருவியைப் பார்த்தார்.

"வெள்ளம் கூடுமோ சேட்டா?" என்று கத்திக் கேட்டார்.

தலைவர் திரும்பவில்லை. அந்த மனிதரின் தலையைப் பிடித்து நேராக்கினார். காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அதப் பாக்க ஆளு நிக்காவ. நீங்க கண்ண மூடுங்க."